கையெழுத்துப் போடுமுன்...

பள்ளி ஆசிரியருக்கும் மோட்டார் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குச் சொந்தமாயிருப்பது பதினொரு வருஷத்துப் பழைய சிறு கார் ஒன்று. அது நம்மைச் சுமக்கும் நாட்களும் உண்டு; நாம் அதைத் தள்ளும் நாட்களும் உண்டு. ஆயினும் சீமையிலே இரண்டு தடவை காரை வாடகைக்கு எடுத்து ஓட்டும் பாக்கியம் நமக்குக் கிட்டியது. முதல் தடவை பணத்தைத் தொலைத்துப் பாடம் கற்றோம். இரண்டாம் தடவை அந்தப் பாடத்தைக் கொண்டு பணத்தைக் காத்துக்கொண்டோம். வெளிநாட்டில் இருக்கும் மக்களையும் உடன்பிறந்தாரையும் பார்த்துவரக் கிளம்பும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே அநேகம். இரண்டு கதைகளையும் கணக்கோடு சொல்லிவிட்டால் அவர்களுக்கு உபயோகப்படுமே என்று இதை எழுதத் துணிந்தோம்.

தம்பியின் கார் ஏன் உதவவில்லை?

நம் தம்பி ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் வைத்தியத் தொழில் செய்கிறான். 2018-ம் வருஷம் மே மாதத்தில், பள்ளி விடுமுறையை உத்தேசித்து, நமக்கும் நம் சகதர்மிணிக்கும் குழந்தைகள் இருவருக்கும் விமான டிக்கெட் வாங்கி அனுப்பினான். "அண்ணா, மலைநாட்டைப் பார்க்காமல் திரும்பினால் ஸ்காட்லாந்தைப் பார்த்ததாகவே சொல்லக் கூடாது. என் காரை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றிவிட்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தான். அந்தத் தைரியத்தில் நாமும் மூட்டை கட்டினோம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் தம்பி டெலிபோனில் கூப்பிட்டான். குரலில் சுருதி இறங்கியிருந்தது. விஷயம் இதுதான்: நம் தேசத்தில் கார் இன்ஷ்யூரன்ஸ் என்பது பெரும்பாலும் காரைப் பற்றியது. சொந்தக்காரரின் சம்மதத்தோடு, சரியான லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிஸி பொதுவாகச் செல்லும். பிரிட்டனிலோ, பாலிஸியில் எவரெவர் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்கள் மட்டுமே ஓட்டலாம் என்பது சாதாரண வழக்கம். தம்பியின் பாலிஸியில் நம் பெயரைச் சேர்ப்பதற்குக் கம்பெனி கேட்ட தொகை, அந்தக் காருக்கு நாலு சக்கரங்களும் புதிதாக வாங்கப் போதுமாயிருந்தது. ஆகவே வாடகைக் கார் என்று முடிவாயிற்று. எட்டு நாளைக்கு 232 பவுண்டு என்று இன்டர்நெட்டில் கண்ட மலிவான கார் ஒன்றைத் தம்பி நம் பெயரில் பதிவு செய்து வைத்தான்.

லைசென்ஸைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களுக்குச் செல்லும் நம்மவர்கள், அங்கே இறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரையில் நம் தேசத்து லைசென்ஸைக் கொண்டே கார் ஓட்டலாம். அங்கும் சாலையில் இடது பக்கம்தான் போக வேண்டும். கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று என்பது அப்போது நமக்குத் தெரியாது.

பயந்து போட்ட கையெழுத்து

விமானத்திலிருந்து இறங்கி, பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு, வாடகைக் கார் ஆபீஸின் முன்னால் நின்றோம். வீட்டை விட்டுக் கிளம்பி இருபது மணி நேரம் ஆகியிருந்தது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ஒருத்தி பெட்டியின்மேல் உட்கார்ந்தும், மற்றவன் நின்றுகொண்டும் தூங்கினார்கள்.

குமாஸ்தா மிகவும் மரியாதையான வாலிபர். பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பார்த்துவிட்டு, புன்சிரிப்போடு ஒரு கேள்வி கேட்டார்:

"ஐயா, காருக்கு ஏதாவது சேதம் நேர்ந்தால் 1,500 பவுண்டு வரையில் தங்கள் பொறுப்பு. சிறு கீறலானாலும் தங்கள் கிரெடிட் கார்டிலிருந்துதான் எடுத்துக்கொள்வோம். தினம் 21 பவுண்டு கொடுத்தால் அந்தக் கவலை வேண்டியதில்லை. என்ன சொல்கிறீர்கள்?"

1,500 பவுண்டு! அன்றைய மாற்று விகிதத்தில் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தோம். ஒன்றே கால் லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. நமக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நாம் யோசிப்பதைக் கண்ட சகதர்மிணி, "கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். குழந்தைகள் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். ஊர் தெரியாத இடத்தில் நமக்கு எதற்கு வம்பு?" என்றாள். போட்டுவிட்டோம். எட்டு நாளைக்கு 168 பவுண்டு. 232 பவுண்டு வாடகைக் காருக்கு, வாடகையில் முக்காலுக்குச் சற்றே குறைவான தொகை அந்த ஒரு கையெழுத்தில் போயிற்று.

காரை எட்டு நாளும் கண்ணைப் போல் காத்துத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு கீறலும் இல்லை. ஊர் திரும்பும் விமானத்தில் பொழுது போகாமல் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கத் தொடங்கினோம். பொடி எழுத்தில் ஒரு ஷரத்து இருந்தது. டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், தொலைந்த சாவி ஆகியவற்றுக்கு நாம் 168 பவுண்டு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு செல்லாதாம்! பயந்துபோய் விலை கேளாமல் வாங்கிய குடையில் நடுவிலே ஓட்டையும் இருந்தது. போன பணம் ரூபாய்க் கணக்கில் பதினையாயிரம். நம் வீட்டில் ஒரு மாதத்து மளிகையும் பாலும் அதற்குள் அடக்கம்.

பொறுப்புத் தொகை என்பது என்ன?

இனி விஷயத்தின் உள்ளே போய்ப் பார்ப்போம். வாடகைக் காரின் பாதுகாப்பில் மூன்று அடுக்குகள் உண்டு.

முதலாவது, நம் காரினால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு. இது சட்டத்தின் கட்டாயம். பிரிட்டனில் 1930-ம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலிருந்து இது அமலில் இருக்கிறது. நம் தேசத்திலும் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இதையே விதிக்கிறது. பிரிட்டனில் வாடகைக்கு விடும் காருக்கு இந்தப் பாதுகாப்பு வாடகையிலேயே சேர்ந்தது.

இரண்டாவது, காருக்கே நேரும் சேதமும் திருட்டும். இதற்குக் 'கொலிஷன் டாமேஜ் வெய்வர்' என்று பெயர். பெயரைக் கவனிக்க வேண்டும். இது பெரும்பாலும் இன்ஷ்யூரன்ஸ் அல்ல. "சேதத்தின் முழுத் தொகையையும் உம்மிடம் கேட்க மாட்டோம்" என்று கம்பெனி செய்யும் விட்டுக்கொடுப்புத்தான். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான கம்பெனிகள் இதையும் வாடகையிலேயே சேர்த்துவிடுகின்றன. அமெரிக்காவில் அப்படியில்லை, அங்கே இதைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டியிருப்பது சகஜம். அமெரிக்கா செல்பவர்கள் முதல் அடுக்கிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

மூன்றாவதுதான் நம்மைக் கையெழுத்துப் போட வைத்த பூதம். முழுத் தொகையையும் கேட்க மாட்டோம் என்கிற கம்பெனி, முதல் இத்தனை பவுண்டு மட்டும் உம்முடையது என்று ஒரு கோடு கிழிக்கிறது. அதை 'எக்ஸெஸ்' என்கிறார்கள். நாம் பொறுப்புத் தொகை என்போம். நம் ஊர்க் கார் பாலிஸியிலும் இது உண்டு. 1,500 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் என்று ஒவ்வொரு தடவையும் சேதத் தொகையில் கழித்துக்கொள்கிறார்கள். தொகை சிறிதாகையால் நாம் கவனிப்பதில்லை. பிரிட்டிஷ் வாடகைக் கார்களில் அது 1,000 பவுண்டிலிருந்து 2,000 பவுண்டு வரை இருப்பது சாதாரணம்.

ஓர் உதாரணம். பொறுப்புத் தொகை 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சேதம் 300 பவுண்டானால் முழுவதும் நம் தலையில். சேதம் 5,000 பவுண்டானால் நமக்கு 1,500 மட்டும். பாக்கி கம்பெனியின் பாடு. ஆகக் குமாஸ்தா தினம் 21 பவுண்டுக்கு விற்றது காரின் முழுப் பாதுகாப்பு அல்ல. அந்த 1,500 பவுண்டுக்கு மட்டுமான பாதுகாப்பு. அதிலும் டயரும் கண்ணாடியும் நீங்கலாக!

தினசரி வாடகையை மலிவாகக் காட்டும் போட்டியில் கம்பெனிகள் இறங்கியிருக்கின்றன. அங்கே விட்டதை ஆபீஸின் முன்னால் பிடிக்கப் பார்க்கின்றன. இதைப் பற்றிப் புகார்கள் மிகுந்து, ஐரோப்பியக் கமிஷனும் பிரிட்டனின் போட்டி, சந்தை அதிகார சபையும் தலையிட்டன. 2015-ம் வருஷத்தில் பெரிய கம்பெனிகள் ஐந்து, தங்கள் விலைகளையும் உபரிப் பாதுகாப்பின் விவரங்களையும் இன்னும் தெளிவாக முன்கூட்டியே தெரிவிப்பதாக ஒப்புக்கொண்டன. தெளிவாகத் தெரிவித்தால் மட்டும் போதாது. படிப்பதற்கு நாமும் தயாராயிருக்க வேண்டுமல்லவா?

வெளியே வாங்கினால் என்ன?

கம்பெனி விற்கும் அதே சரக்கை வெளியே வேறு கடையில் வாங்கலாம் என்பதுதான் நாம் ஊர் திரும்பிய பிறகு கற்ற முக்கியமான பாடம். வாடகைக் காரின் பொறுப்புத் தொகைக்கு மட்டும் பாலிஸி தரும் தனி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பிரிட்டனில் பல உண்டு. ஒரு பிரயாணத்துக்கு வாங்கலாம். அடிக்கடி கார் எடுப்பவர்கள் வருஷ பாலிஸியும் வாங்கலாம். கார் கம்பெனி கேட்பதில் நாலில் ஒரு பங்குக்குக்கூட அது கிடைப்பதுண்டு. டயர், கண்ணாடி, அடிப்பாகம், கூரை ஆகியவையும் பெரும்பாலும் அதில் அடங்கும்.

ஆனால் இங்கும் ஷரத்துகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறோம். காரைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே பாலிஸியை வாங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் அது செல்லாது. குடித்துவிட்டு ஓட்டுவதும் சாலையல்லாத இடத்தில் ஓட்டுவதும் அவ்வாறே. பெட்ரோல் காருக்கு டீசல் போட்டுவிட்ட நஷ்டத்தைப் பல பாலிஸிகள் ஏற்பதில்லை. பல கம்பெனிகள் பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே பாலிஸி தருகின்றன. நம்மைப் போன்ற விருந்தாளிகள், வெளிநாட்டவரையும் ஏற்கும் கம்பெனியைத் தேடிப் பிடிக்க வேண்டும். தம்பியின் விலாசத்தைக் கொடுத்து அவன் பெயரில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அப்படி வாங்கிய பாலிஸி, வேண்டிய சமயத்தில் வெறும் காகிதமாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. வெளியே வாங்கும் பாலிஸி கார் கம்பெனியை நம்மிடம் பணம் கேட்காமல் தடுக்காது. சேதம் நேர்ந்தால் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். பிறகு ரஸீதுகளைக் காட்டி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் திரும்பப் பெற வேண்டும். காரைக் கொடுக்கும்போதே அந்தப் பொறுப்புத் தொகையைக் கிரெடிட் கார்டில் நிறுத்திவைத்துக்கொள்வார்கள். ஆகையால் கார்டு பிரதானமாக ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். அதில் அத்தனை தொகைக்கு இடமும் இருக்க வேண்டும். நம் பாங்குகள் தரும் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் பெரும்பாலும் மூடியே இருக்கும். புறப்படுமுன் நாமே அதைத் திறந்துவைக்க வேண்டும். இத்தனைக்கும் வசதியில்லாதவர்கள் கார் கம்பெனியின் பாதுகாப்பையே வாங்குவதில் தவறில்லை. ஆனால் எதை வாங்குகிறோம், எது நீங்கல் என்று படித்துவிட்டு வாங்கட்டும்.

இரண்டாம் பிரயாணம்

2024-ம் வருஷம் மே மாதத்தில் மறுபடியும் எடின்பரோவுக்குப் புறப்பட்டோம். இந்தத் தடவை கார் விஷயத்தை ஜனவரியிலேயே கையிலெடுத்தோம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாகப் பார்த்து ஒன்றைச் செய்தோம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விலையைப் பார்த்தோம். மார்ச்சில் விலை இறங்கியது. பழையதை ரத்து செய்து புதிதாகப் பதிவு செய்தோம்.

விமான நிலையத்தில் காரை எடுக்கவில்லை. அங்கே எட்டு நாளைக்கு 296 பவுண்டு கேட்ட கம்பெனி, நகரத்தினுள் இருக்கும் தன் கிளையில் அதே காருக்கு 251 பவுண்டுதான் கேட்டது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 2014-ம் வருஷம் முதல் டிராம் ஓடுகிறது. அதில் ஏறித் தம்பியின் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கி எழுந்து, தெளிந்த புத்தியோடு காரை எடுக்கப் போனோம். தூக்கத்தின் விலை இன்னதென்று அன்று தெரிந்துகொண்டோம்.

பெரிய காருக்கு ஆசைப்படவில்லை. சிறிய காருக்கு வாடகையும் எண்ணெயும் குறைவு. மலைநாட்டின் ஒற்றைத் தடச் சாலைகளுக்கும் அதுவே உகந்தது. வழி காட்டும் கருவிக்குத் தனி வாடகை கொடுக்கவில்லை. செல்போன் அந்த வேலையைச் செய்தது. மகனுக்கு வயது பதினொன்று. பிரிட்டனில் பன்னிரண்டு வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுவரையில் பிள்ளைகளுக்கு உரிய ஆசனம் வேண்டும் என்பது சட்டம். அவன் உயரத்தை வீட்டுச் சுவரில் அளந்து, ஆசனம் தேவையில்லை என்று நிச்சயித்துக்கொண்டோம். தம்பி மூன்று நாள் நம்மோடு வந்தான். அவன் பெயரையும் சேர்த்தால் தினம் 12 பவுண்டு என்றார்கள். சேர்க்கவில்லை, அவனை ஸ்டீயரிங்கைத் தொடவும் விடவில்லை. "அண்ணா, வகுப்பில் இருப்பது போலவே இருக்கிறது" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

பொறுப்புத் தொகைக்கு, வெளிநாட்டவரையும் ஏற்கும் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்து, எட்டு நாளைக்கு 36 பவுண்டுக்குப் பாலிஸி வாங்கி அச்சடித்துக் கையில் வைத்திருந்தோம்.

ஆபீஸில் வேறொரு வாலிபர், அதே புன்சிரிப்பு, அதே கேள்வி. விலை மட்டும் தினம் 24 பவுண்டாக ஏறியிருந்தது. எட்டு நாளைக்கு 192 பவுண்டு. "வேண்டியதில்லை, எங்களிடம் வேறு பாலிஸி இருக்கிறது" என்றோம். "அதை எங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்ளாதே, ஐயா" என்றார். "தெரியும். முதலில் நாங்கள் கட்டுவோம், பிறகு அவர்களிடம் வாங்கிக்கொள்வோம்" என்றோம். வாலிபர் நம்மை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு புன்சிரிப்பு மாறாமலே அடுத்த காகிதத்தை எடுத்தார். 1,500 பவுண்டு கார்டில் நிறுத்திவைக்கப்பட்டது. "ரூபாயில் கணக்கிடட்டுமா, பவுண்டிலா?" என்று இயந்திரம் கேட்டது. பவுண்டு என்றோம். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டப்படி வைப்பார்கள். அது நமக்கு லாபமாக இருப்பது அபூர்வம்.

காரை வாங்கியதும் மகள் செல்போனை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தாள். நாலு பக்கம், நாலு சக்கரம், கூரை, கண்ணாடி, எண்ணெய் முள், ஓடிய மைல் கணக்கு எல்லாவற்றையும் படம் பிடித்தாள். பின்கதவில் ஒரு பழைய கீறல் இருந்தது. அதைக் குமாஸ்தாவின் பத்திரத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். எண்ணெய் நிரப்பிக் கொடுத்தார்கள்; நிரப்பியே திருப்பித் தருவதாக ஒப்பந்தம். அதுவே சிக்கனமான முறை.

ஸ்கை தீவில் நேர்ந்தது

எடின்பரோவிலிருந்து ஸ்கை தீவு 200 மைலுக்கு மேல். க்ளென்கோ பள்ளத்தாக்கின் வழியாகச் சென்றோம். இரு புறமும் மலைகள் மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நின்றன. தீவுக்குச் செல்லும் பாலம் 1995-ம் வருஷத்தில் திறந்தது. அப்போது அதைக் கடக்கச் சுங்கம் வசூலித்தார்கள். உள்ளூர் ஜனங்கள் அதைச் செலுத்த மறுத்துப் பல வருஷம் கிளர்ச்சி செய்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். கடைசியில் 2004 டிசம்பரில் சுங்கம் ஒழிந்தது. உப்பு வரி கொடுக்க மறுத்த தேசத்திலிருந்து வந்த நாம் அந்தப் பாலத்தைச் சற்று மரியாதையோடு கடந்தோம்.

தீவின் உட்பகுதியில் பல சாலைகள் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். ஒதுங்குமிடம் நமக்கு இடது பக்கம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேரே இந்தப் பக்கமே நின்று எதிரில் வருபவருக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டும். விதி நமக்குத் தெரியும். ஆனால் நாலாம் நாள் மழைத் தூறலில் ஒரு வளைவில் லாரி ஒன்று திடீரென்று எதிர்ப்பட்டபோது, கை விதியைவிட வேகமாகத் திரும்பிவிட்டது. சாலையின் விளிம்பைத் தாண்டி, புல்லில் மறைந்திருந்த கல்லில் இடது முன்சக்கரம் இடித்தது. யாருக்கும் காயமில்லை. சக்கரத்தின் உலோக விளிம்பில் ஆழமான கீறல். மேலே பம்ப்பரின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. போர்ட்ரீ என்னும் ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். டயருக்குப் பழுதில்லை, ஓட்டலாம் என்றார்.

இனி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த நாலு நாட்களில் பெய்த மழையில் கார் முழுவதும் சேறு அப்பிக்கொண்டது. கீறலும் வெடிப்பும் சேற்றில் மறைந்துவிட்டன. கடைசி நாள் எடின்பரோவில் எண்ணெய் நிரப்பும்போது, "கழுவாமல் கொடுத்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற எண்ணம் நமக்கும் வந்தது. மகளிடம் வாய்விட்டுச் சொல்லவும் சொன்னோம்.

அவள் செல்போனை நீட்டினாள். "அப்பா, முதல் நாள் நாம் எடுத்த படத்தில் அந்தச் சக்கரம் முழுசாக இருக்கிறதே!" என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. பொய்க் குற்றச்சாட்டு வந்தால் நம்மைக் காப்பதற்கென்று எடுத்த படம், இப்போது நமக்கு எதிராகச் சாட்சி சொல்லி நின்றது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் வாத்தியாருக்கு அன்று பதினாலு வயதுப் பெண் பாடம் சொல்லிவிட்டாள். காரைக் கழுவினோம். ஆபீஸ் திறந்திருக்கும் வேளையில் போய், இடித்த இடத்தை நாமே காட்டினோம்.

வானம் இடிந்து விழவில்லை. குமாஸ்தா குறித்துக்கொண்டார். பழுதுக்கு 214 பவுண்டு, நிர்வாகச் செலவு 40 பவுண்டு, ஆக 254 பவுண்டு கார்டிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியை விடுவித்தார்கள். அன்றிரவே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தோம். வாடகை ஒப்பந்தம், சேதப் பத்திரம், பில், கார்டுக் கணக்கு, படங்கள் ஆகியவற்றை அனுப்பினோம். ஐந்து வாரத்தில் 239 பவுண்டு வந்தது. நிர்வாகச் செலவுக்கு அவர்கள் பாலிஸியில் 25 பவுண்டுதான் உச்சவரம்பு. அந்தப் 15 பவுண்டு நம்முடையது. பாலிஸியின் விலை 36, விட்டது 15, ஆக மொத்தம் 51 பவுண்டு. 192 பவுண்டு கொடுத்திருந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இடித்த பிறகும் 141 பவுண்டு மிச்சம்.

நம் ஊரிலும் இதே கதை

இது சீமை விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தானே ஓட்டிக்கொள்ள வாடகைக் கார் எடுக்கும் வழக்கம் சென்னையிலும் கோயமுத்தூரிலும் வெகுவாகப் பரவியிருக்கிறது. இங்கும் ஒப்பந்தம் உண்டு; பொறுப்புத் தொகை உண்டு; டெபாசிட் உண்டு. சேதம் நேர்ந்தால் நம் பங்கு எவ்வளவு, டயரும் கண்ணாடியும் யார் பாடு என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் பிடிக்கும் பழக்கம் இங்கும் உதவும். இன்னொரு விஷயம்: தானே ஓட்டும் வாடகைக் கார்களின் நம்பர் பலகை கறுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்தோடு இருக்க வேண்டும். தெரிந்தவருடைய வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை மலிவாயிருக்கிறதே என்று வாடகைக்கு எடுத்தால், அந்தக் காரின் பாலிஸி வாடகை உபயோகத்துக்குச் செல்லாது. விபத்து நேர்ந்தால் மலிவு மிகவும் கிராக்கியாகிவிடும்.

மகாத்மா காந்தி 1888-ம் வருஷத்திலிருந்து 1891-ம் வருஷம் வரையில் லண்டனில் சட்டம் படித்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்துவதற்காக, வேலையுள்ள இடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொண்டார். பின்னாளில் பொது ஜனங்களின் பணம் லட்சக் கணக்கில் அவர் கையில் புழங்கியபோது அந்தப் பழக்கமே கை கொடுத்தது. நமக்கு லட்சங்கள் புழங்கப் போவதில்லை. ஆனால் சம்பளக்காரக் குடும்பத்தில் ஒரு பவுண்டு என்பது நூறு ரூபாய்க்கு மேல். களைப்பினாலும் பயத்தினாலும் அதைக் கொடுத்துவிட்டு வருவது தர்மமுமல்ல, கௌரவமுமல்ல. கேள்வித்தாளை இரண்டு தடவை படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்கிறோமே, அது நமக்கும் பொருந்தும். படிக்க வேண்டியதை வீட்டிலேயே படித்துவிட்டால், ஆபீஸின் முன்னால் நிற்கும்போது சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான்: "வேண்டியதில்லை."

மிச்சமான 141 பவுண்டு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். கணக்கோடு சொல்வதாக வாக்களித்திருக்கிறோம், ஆகையால் மறைப்பதற்கில்லை. பணம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, ஊர் திரும்பும் நாளன்று, எடின்பரோக் கடைவீதியில் 90 பவுண்டுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கப்பட்டது. மே மாதத்துச் சென்னையில் அது எதற்கு என்று நாம் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை. இந்த விதமான நஷ்டத்துக்குப் பாலிஸி தரும் கம்பெனியை நாம் இதுவரையில் கண்டுபிடிக்கவில்லை.